ரிலீவர் வரவில்லை

13 நவம்பர் 2024, புதன்

நைட் முடித்து வந்து படுத்தவளைப் பக்கத்து வீட்டு அக்கா எழுப்பிவிட்டார். "டிவியைப் போடும்மா, டாக்டரைக் கத்தியால குத்திட்டானாம்." கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை. புற்றுநோய் மருத்துவர். குத்தியவன், அங்கே சிகிச்சை பெற்ற ஓர் அம்மாவின் மகன். உயிருக்கு ஆபத்தில்லையாம்.

பதறியிருக்க வேண்டும். பதறவில்லை. இன்றைக்கு நோயாளிகளின் அட்டெண்டர்கள் நம்மை முறைப்பார்களா, பாவப்படுவார்களா என்றுதான் முதலில் தோன்றியது. எதுவானாலும் முகம் கொடுக்கத் தெம்பில்லை. டிவியை அணைத்துவிட்டுப் படுத்தேன். கண்ணை மூடினால் சிரிஞ்ச் பம்ப் கத்துகிறது. எழுந்து பார்த்தால் ஃபேன்.

15 நவம்பர், வெள்ளி

ரயிலில் இதே பேச்சு. ஆவடியில் ஏறிய ஒருவர், வாசலில் மெட்டல் டிடெக்டர் வைத்தால் சரியாகிவிடும் என்றார். வைக்கட்டும். மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் பத்தாண்டு வரை சிறை என்று 2008-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தாயிற்று. குத்தியவன் செய்ததற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. ஆனால் கத்தியில்லாத கோபம் நர்ஸ்களான எங்களுக்கு அன்றாடம். டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போய்விடுவார், பில்லிங் கவுண்டர் கீழ்த்தளத்தில், எதிரில் நிற்பது நாங்கள். ஸ்டென்ட் விலையிலிருந்து ஏ.சி. குளிர்வரை எல்லாவற்றுக்கும் நாங்களே வாங்கிக்கட்டிக்கொள்கிறோம்.

2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு எங்கள் தெருவே எங்களுக்காக வாசலில் நின்று கைதட்டியது. நான்கு வாரத்தில், ஏப்ரல் 19 அன்று, கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் ஆம்புலன்ஸைக் கல்லால் அடித்தார்கள். சக மருத்துவர் ஒருவர் ராத்திரியோடு ராத்திரியாக மண்ணள்ளிக் குழியை மூடினார். அதற்குப் பிறகு யார் கைதட்டினாலும் எனக்கு ஒன்றும் ஏறுவதில்லை.

எங்கள் டூட்டி டாக்டர் சின்னப் பையன். பி.ஜி. மாணவர்களுக்கு வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு இந்த ஆண்டு சொன்னதைக் காட்டிச் சிரித்தார். "1992-லேயே 48 மணி நேரம்னு மத்திய அரசு எழுதி வெச்சிருக்கு சிஸ்டர். ஏறிக்கிட்டே போகுது." நர்ஸுக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டேன். போனில் தேடினார். பெட் எட்டு கூப்பிட்டது, எழுந்து போய்விட்டேன்.

17 நவம்பர், ஞாயிறு

ஆஃப். மாமியாரோடு இருதயாலீசுவரர் கோயிலுக்குப் போனேன். இதய நோயாளிகள் எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். எங்கள் சி.சி.யூ.வில் தலையணைக்கடியில் இந்தக் கோயில் விபூதியைப் பலமுறை பார்த்திருக்கிறேன். "நீங்க திருநின்றவூரா சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டால் அந்த அட்டெண்டர் பிறகு என்னிடம் குரல் உயர்த்துவதில்லை. அந்த வகையில் சிவனுக்கு நன்றி.

பூசலார் கதையை மாமியார் என் பையனுக்குச் சொன்னார். கையில் காசில்லாமல் மனசுக்குள்ளேயே கல் அடுக்கிக் கோயில் கட்டி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தவர். காஞ்சியில் நிஜக் கோயில் கட்டிய ராஜா கனவில் சிவன் வந்து, "அன்றைக்கு நான் நின்றவூர் போகிறேன், உன் குடமுழுக்கைத் தள்ளிவை" என்றாராம். "அவருக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்குமா பாட்டி?" என்றான் பையன். மாமியார் அவன் தலையில் தட்டினார். நல்ல கேள்வி. மனசுக்குள் வேலை பார்க்கிறவருக்கு ஷிஃப்ட் எப்போது முடியும்?

21 நவம்பர், வியாழன்

எச்.ஆர். ஏற்பாட்டில் 'ஸ்ட்ரெஸ் மேனேஜ்மென்ட்' வகுப்பு. காலை எட்டு மணிக்கு, நைட் முடித்தவர்கள் கட்டாயம் இருந்துவிட்டுப் போக வேண்டுமாம். பன்னிரண்டு மணி நேரம் நின்றவர்களை உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னார்கள். பாதிப்பேர் நிஜமாகவே தூங்கிவிட்டார்கள். அந்த மட்டில் வகுப்பு பலன் தந்தது.

பேசியவர் நல்ல மனிதர். எல்லாம் நம் மனசில்தான் இருக்கிறது என்றார். அவர் காட்டிய ஸ்லைடே வேறு சொன்னது. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் பர்ன் அவுட்டை நோய்க் கணக்கில் சேர்க்கவில்லை. வேலையிடத்தில் தீராமல் கிடக்கும் நெருக்கடியால் வருவது என்று வரையறுத்தது. மூன்று அடையாளம்: ஓய்ந்துபோவது, வேலையிலிருந்து மனம் விலகுவது, நம்மால் ஒன்றும் ஆகவில்லை என்று தோன்றுவது.

இரண்டாவதை நன்றாக அறிவேன். முந்தாநாள் விடியற்காலை ஆறாம் பெட் பெரியவர் போய்விட்டார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கையை அவரிடம் விட்டுவிட்டு, ஹேண்ட் ஓவருக்குள் ஃபைலை முடிக்க முடியுமா என்று கடிகாரத்தைப் பார்த்தேன். பெரியவர் பெயர் இப்போது நினைவில்லை. ட்ரோபோனின் அளவு நினைவிருக்கிறது.

24 நவம்பர், ஞாயிறு

என் கணவருக்குக் காக்களூர் சிட்கோவில் வேலை. சம்பளச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஓ.டி. இரட்டைச் சம்பளம். 1948 தொழிற்சாலைகள் சட்டம்: நாளுக்கு ஒன்பது மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு, மீறினால் இரு மடங்கு. நான் டபுள் ஷிஃப்ட் பார்த்தால் 'கம்ப் ஆஃப்' என்று ரோஸ்டரில் பென்சிலால் எழுதுவார்கள். பென்சில்தான். ஆள் குறைந்தால் அழித்துவிடலாம்.

2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டசபையில் நிறைவேறியபோது அவர் கம்பெனி வாசலில் என்ன கூச்சல்! தொழிற்சங்கங்கள் எல்லாம் ஒன்றாக நின்றன. மே தினத்தன்று முதலமைச்சர் வாபஸ் என்று அறிவித்தார். நியாயமான வெற்றி. அன்றும் நான் இரவு ஏழரை முதல் காலை ஏழரைவரை நைட்டில் இருந்தேன். எங்கள் பன்னிரண்டு மணி நேரத்தை எந்த மசோதாவும் கொண்டுவரவில்லை, அதனால் வாபஸ் வாங்கவும் ஏதுமில்லை. இதை அவரிடம் சொன்னேன். "உங்களுக்குச் சங்கம் இல்லையே" என்றார். அவர் சொன்னது சரி. எரிச்சலாக இருந்தது.

1 டிசம்பர், ஞாயிறு

வெள்ளி இரவு ஏறிய டூட்டி, இன்று காலைதான் இறங்கினேன். ஃபெஞ்சல் புயல். சனிக்கிழமை விடிந்ததும் என்னை மாற்றிவிட வேண்டிய ரிலீவர் போன் செய்தாள்: "அக்கா, தெருவுல முழங்கால் தண்ணி, பஸ் இல்ல." அவளைத் திட்ட முடியுமா? மதியம் ஏர்போர்ட்டையே மூடிவிட்டார்கள். சி.சி.யூ.வை மூட முடியாது. இருந்தவர்கள் பெட்டைப் பங்கு போட்டுக்கொண்டோம். இரவில் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது என்று அட்டெண்டர் ஒருவர் வந்து சொல்லித்தான் தெரிந்தது.

வீட்டிலிருந்து பையன், ஏரிப் பக்கத்து நகர்களில் தண்ணீர் ஏறுகிறதா என்று அப்பா பார்க்கப் போயிருக்கிறார் என்றான். அவர் கம்பெனி செகண்ட் ஷிஃப்டை ரத்து செய்து எல்லாரையும் வண்டியேற்றி அனுப்பிவிட்டதாம்.

புயலை யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வெயிலடிக்கிற நாளிலும் எங்களுக்கு ரிலீவர் கணக்கு இப்படித்தான். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்திக்கு டபுள்.

5 டிசம்பர், வியாழன்

எங்கள் நர்ஸ்களில் சின்னவள் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து அழுதாள். கொரோனாவில் அரசு ஒப்பந்தத்தில் 14,000 ரூபாய்க்குச் சேர்ந்தவள். 2022 டிசம்பர் 31-ஓடு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை நிறுத்தியபோது இவளும் வெளியே வந்தாள். தனியார் மருத்துவமனை செவிலியருக்கு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான இடத்தில்கூட 20,000-க்குக் குறையக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு 2016-லேயே பரிந்துரைத்தது. எங்களுடையது அதைவிடப் பெரிய ஆஸ்பத்திரி, இவள் சம்பளம் அதைவிடச் சிறியது.

"தூக்கமே வரமாட்டேங்குது அக்கா. ரயில் வர்றப்போ என்னென்னமோ தோணுது." இதைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டேன். ரோஸ்டர் பேச்சு பிறகு. மனநல உதவி எண் 14416-க்கு, என் போனிலிருந்தே போட்டுக் கொடுத்தேன். தமிழிலேயே பேசினார்கள், ரொம்ப நேரம். அவள் அண்ணனை வரச்சொல்லி, அவனோடு அனுப்பிவைத்தேன். மனநல மருத்துவரைப் பார்க்க நாள் வாங்கியாயிற்று. அதுவரை தனியாக ஸ்டேஷனுக்குப் போகக் கூடாது என்று அண்ணனிடம் கறாராகச் சொல்லியிருக்கிறேன். அவளுடைய நைட்டை நான் எடுத்துக்கொண்டேன். வேறு யார் எடுப்பது?

8 டிசம்பர், ஞாயிறு

சின்னவள் போன் செய்தாள். மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள், நேற்று கொஞ்சம் தூங்கினாளாம். ஜெர்மனிக்கு வேலைக்குப் போக ஜெர்மன் வகுப்பில் சேரட்டுமா என்று கேட்டாள். முதலில் தூங்கு என்றேன்.

நாளை பத்து மணிக்கு நர்சிங் சூப்பிரண்டு மேடம் கூப்பிட்டிருக்கிறார். நாங்கள் கொடுத்த மனுவில் எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம், யார் எழுதியது என்று கேட்டால் சொல்ல வேண்டியதில்லை. ஸ்ட்ரெஸ் வகுப்பு வேண்டாம் என்று எழுதவில்லை. ஆள் வேண்டும் என்று எழுதியிருக்கிறோம். இந்திய நர்சிங் கவுன்சில் விதி: ஐ.சி.யூ.வில் ஒரு பெட்டுக்கு ஒரு நர்ஸ், விடுப்புக்கென்று முப்பது சதவீதம் கூடுதல். எங்களுக்குப் பத்து பெட், மூன்று ஷிஃப்டாகப் பிரித்தால் முப்பது பேர். கூடுதல் ஒன்பது. ஆக 39. இருப்பது 17, சின்னவளையும் சேர்த்து.

39 கேட்டால் சிரிப்பார்கள் என்று வீட்டில் அவர் சொல்கிறார். முதலில் 39 என்றே சொல்லப்போகிறேன். பேரம் அப்புறம்.