மாத்திரை என்னும் அளவு

கண்ணிமைக்கும் நேரத்தை ஒரு மாத்திரை என்று வகுத்தனர் நம் இலக்கண ஆசிரியர். மருந்துக்கும் அச்சொல்லையே தமிழ் வழங்குகிறது. மாத்திரை என்றால் அளவு என்பதே பொருள். இமை மூட மறுக்கும் இரவுகளில் உட்கொள்ளும் மாத்திரைக்கு மட்டும் அவ்வளவை நாம் மறந்துவிடுகிறோம்.

மூணாற்றை அடுத்த மாட்டுப்பட்டி எங்கள் ஊர். 1963இல் ஏற்பட்ட இந்திய-சுவிஸ் உடன்படிக்கையின்படி, பெயருக்கேற்பக் கால்நடைப் பண்ணை அமைந்த மலையூர் அது. அதே ஆண்டில்தான் சுவிட்சர்லாந்தின் ரோஷ் நிறுவனம் 'வேலியம்' என்னும் டயசிபாம் மாத்திரையைச் சந்தைக்குக் கொணர்ந்தது. பிற்காலத்தில் அம்மாத்திரை எங்கள் தோட்டத்து லயங்களுக்கும் வந்தது.

ஆண்டுகள் பலவாய்க் கொழுந்தெடுத்து ஓய்ந்தவர் எங்கள் பெரியம்மா. பெரியப்பா மறைந்தபின் அவருக்கு உறக்கம் போயிற்று. மருத்துவர் ஒருவர் இரண்டு வாரத்திற்கு டயசிபாம் எழுதித் தந்தார். வாரங்கள் முடிந்தும் மாத்திரை முடியவில்லை. வெளியூரிலிருந்த மகன், தாயின் துயர் பொறாது, பழைய சீட்டைக் காட்டி வாங்கி அனுப்பிக்கொண்டே இருந்தார். ஈராண்டில் ஒன்று இரண்டாயிற்று. ஒருநாள் விடியலில் தலை கிறங்கிப் படியில் விழுந்தார், மணிக்கட்டு முறிந்தது. அஞ்சிய உறவினர் மாத்திரைகளை எல்லாம் அடுப்பிலிட்டனர். ஒரு வாரத்திற்குள் நடுக்கமும் வியர்வையும் தோன்றி, இறுதியில் வலிப்பே வந்துவிட்டது.

மூளையை அமைதிப்படுத்தும் 'காபா' என்னும் பொருளின் செயலை இம்மருந்து மிகுவிக்கிறது. நாள்பட மூளை அதற்குப் பழகிவிடுகிறது. திடீரென நிறுத்தினால், அடங்கியிருந்த கிளர்ச்சி பொங்கி எழுகிறது. ஆதலின் மருத்துவர் மீண்டும் மாத்திரை கொடுத்து, பல மாதங்களில் சிறிது சிறிதாகக் குறைத்தார். பெரியம்மா பிழைத்தார். தொடர்வதில் இருந்த தீங்கினும் சட்டென நிறுத்தியதில் இருந்த தீங்கு பெரிதாயிற்றன்றோ!

2014 மார்ச் முதல் டயசிபாம், அல்ப்ரசோலம், சோல்பிடம் முதலியன இந்தியாவில் எச்-1 அட்டவணையில் உள்ளன. மருத்துவர் சீட்டின்றி அவற்றை விற்றலாகாது. விற்றதைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்றாண்டு காத்தல் வேண்டும். இவ்வகை மருந்துகள் பழக்கத்திற்கு அடிமையாக்கக்கூடும் என 2020இல் அமெரிக்க மருந்து நிர்வாகமும் தன் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது.

சட்டம் கடை வரைதான் வரும். வீட்டுக்குள் காவல் நாமே. ஒருவர்க்கு எழுதியதைப் பிறர் உண்ணலாகாது. மதுவோடும், கோடீன் கலந்த இருமல் மருந்தோடும், அபின்வகை வலிநீக்கிகளோடும் சேர்ந்தால் மூச்சே அடங்கலாம். உண்டபின் வண்டி ஓட்டலாகாது. முதியோர் உடலில் மருந்து நெடுநேரம் தங்குவதால் அவர்க்குக் குறைந்த அளவே தகும். எத்தனை நாள் உண்பது, எவ்வாறு நிறுத்துவது என்பவற்றை முதல் நாளே மருத்துவரிடம் கேட்டறிதல் நலம்.

பிழைப்பு நாடிப் பல திசைகளிற் பரந்த குடும்பங்கள் நம்முடையவை. பிள்ளைகளின் அன்பு பல வேளைகளில் மருந்துப் பொதியாகவே ஊர் சேர்கிறது. பொதி அனுப்புமுன் தொலைபேசியில் ஒரு வினா எழுப்புவோம்: "அம்மா, இராத்திரி ஏன் தூக்கம் வரவில்லை?" அதற்கு அவர் சொல்லும் விடையை மருத்துவரிடம் கொண்டுசெல்வோம்.