மனை வாங்கிய கதை

சிங்கப்பூரில் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரித்து முடிந்ததும், "ஐயா, காரைக்குடிப் பக்கம் ஒரு மனை வாங்கிப் போடலாமா?" என்று கேட்டார். யாப்பில் ஐயம் கேட்டிருந்தால் உடனே விடை சொல்லியிருப்போம். இதற்கு இரண்டு நாள் அவகாசம் கேட்டோம். அவருக்குச் சொன்னவற்றை இங்கும் எழுதி வைக்கிறோம்.

நாங்கள் இருவரும், கணவனும் மனைவியுமாக, கல்லூரி ஆசிரியர்கள். 2009ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தரகர் ஒருவர் ஏற்பாடு செய்த வேனில் மனை பார்க்கப் போனோம். மஞ்சள் பூசிய கற்கள், வண்ணக் கொடிகள், பந்தலில் பிரியாணி. மனைப்பிரிவுக்கு ஐந்திணைகளுள் ஒன்றின் பெயரை வைத்திருந்தார்கள். பெயரில் வயலும் நீரும் இருந்தன. கண்ணெதிரே இருந்ததோ சீமைக்கருவேலம் மண்டிய பாலை. தமிழாசிரியர்களை மயக்க அந்தப் பெயரே போதுமானதாக இருந்தது. "மண் எங்கே சார் ஓடிப்போகும்?" என்றார் தரகர். முன்பணம் கொடுத்துவிட்டோம்.

மண் ஓடிப்போகாது என்பது உண்மைதான். ஆனால் செட்டிநாட்டில் வாழ்பவர்கள் அந்தச் சொல்லை நம்பியிருக்கக் கூடாது. கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில், 1930இல் சாகுபடி நிலத்தில் நூற்றுக்கு ஆறு பங்குதான் செட்டியார்களிடம் இருந்தது. 1938க்குள் அது ஏறத்தாழ இருபத்தைந்து பங்காயிற்று. அவர்கள் ஆசைப்பட்டு வாங்கிய நிலமன்று அது. நெல் விலை வீழ்ந்தது, கடன் வாங்கிய உழவர்களால் திருப்பித் தர இயலவில்லை, ஈடாக வைத்த நிலம் கொடுத்தவர் கைக்கு வந்து சேர்ந்தது. ரொக்கமாகத் திரும்ப வேண்டிய பணம் மண்ணாகத் திரும்பியது. 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது அந்த மண்ணைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஊர் திரும்ப முடியவில்லை. 1948இல் விடுதலை பெற்ற பர்மா, நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. மண் அங்கேயே இருந்தது. உரிமைதான் போயிற்று.

எங்கள் கதை இதைவிட மிகச் சிறியது. 2016இல் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக மனையை விற்க முனைந்தோம். வாங்குபவரும் கிடைத்தார். அந்தச் செப்டம்பரில், அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. எங்களிடம் இருந்தது 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று தரகர் சொன்ன ஒரு முத்திரைத் தாள். மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் தர வேண்டியது நகர் ஊரமைப்புத் துறை என்பதை அன்றுதான் அறிந்தோம். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டினோம். 2017 மே மாதம் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. கட்டணம் செலுத்தி ஒழுங்குபடுத்திக்கொள்ள வழி பிறந்தது.

அதற்காகத் தாள்களைச் சேகரித்தபோதுதான் அடுத்த இடி. வழக்கறிஞர் தாய்ப்பத்திரத்தைப் படித்துவிட்டு, "இவருக்கு ஒரு மகள் இருந்திருக்கிறாரே, கையொப்பம் எங்கே?" என்று கேட்டார். மூல உரிமையாளர் தாமே சம்பாதித்த நிலம் அது. உயில் எழுதாமல் மறைந்தவர். இரண்டு மகன்கள் மட்டும் விற்றிருந்தார்கள். தந்தையின் தனிச்சொத்தில் மகளுக்குச் சமபங்கு 1956 முதலே உண்டு. பூர்விகச் சொத்திலும் பிறப்பால் உரிமையைத் தமிழ்நாடு 1989இல் வழங்கியது. 2005இல் அது நாடு முழுமைக்குமாயிற்று. வகுப்பில் பெண்ணுரிமை பற்றி மணிக்கணக்கில் பேசும் நாங்கள், பத்திரத்தில் ஒரு பெண்ணின் பெயர் இல்லாததைக் கவனிக்கவே இல்லை.

வில்லங்கச் சான்று பார்த்தோமே என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. பதிவான ஆவணங்கள் மட்டுமே அதில் வரும். பதிவு செய்யாத உயில் அதில் வராது. கையொப்பமிடாத வாரிசும் வரமாட்டார். ஆகவே வாரிசுச் சான்றிதழைக் கேளுங்கள். அதில் எத்தனை பெயரோ அத்தனை கையொப்பம் பத்திரத்தில் இருக்கிறதா என்று விரல்விட்டு எண்ணுங்கள். பொது அதிகாரம் பெற்றவர் விற்கிறார் என்றால், அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். அவர் மறைந்தால் பொதுவாக அதிகாரமும் மறைந்துவிடும். பட்டாவோடு நிறுத்தாமல் 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பாருங்கள். ஊருணியும் கண்மாயும் நிறைந்த இந்தப் பகுதியில், மனை என்று காட்டப்படுவது நீர்நிலைப் புறம்போக்காக இருந்துவிடக்கூடும்.

மாணவருக்கு இன்னொரு கனவும் இருந்தது. பழைய செட்டிநாட்டு வீடொன்றில் ஒரு பங்கு மலிவாக வருகிறதாம். தங்கும் விடுதியாக்கலாமே என்றார். இரண்டு தெருக்களைத் தொட்டு நிற்கும் அந்த வீடுகளின் அழகில் எங்களுக்கும் மயக்கம் உண்டு. ஆனால் தாத்தா காலத்தில் நான்காக இருந்த புள்ளி இன்று நாற்பதாகி, சென்னையிலும் கோலாலம்பூரிலும் சிதறிக் கிடக்கும். குடும்பத்தார் வாழும் வீட்டில் பிரிபடாத பங்கை வாங்கும் வெளியார், அவர்களோடு சேர்ந்து குடியிருக்க உரிமை கோர முடியாது என்கிறது சொத்துரிமை மாற்றச் சட்டத்தின் 44ஆம் பிரிவு. பாகம் கேட்டு வழக்குப் போட்டால், அந்தப் பங்கைத் தாங்களே வாங்கிக்கொள்ளப் பங்காளிகளுக்கு 1893ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிடுகிறது. பங்கு மலிவாக வருவது இதனால்தான். இவ்வகைச் சிக்கல் முற்றிய வீடுகளின் தேக்குத் தூண்களைக் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பார்க்கலாம்.

செலவுக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். முத்திரைத் தீர்வை ஏழு விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரல் முதல் இரண்டு. பெண்கள் பெயரில் பத்து இலட்சம் ரூபாய் வரை வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறையும். விலை ஒன்பது விழுக்காடு ஏறும்வரை நீங்கள் நட்டத்தில்தான் நிற்கிறீர்கள். அவசரத்துக்கு எடுக்க வேண்டிய பணத்தை மனையில் போடவே போடாதீர்கள்.

அந்த மகளைத் தஞ்சாவூரில் கண்டுபிடித்தோம். எழுபதைக் கடந்தவர். "எங்கிட்ட யாருமே கேக்கலையே தம்பி" என்றார். குரலில் கோபம் இல்லை. அது எங்களுக்கு இன்னும் கூச்சமாக இருந்தது. அவர் மகன் ஒரு தொகை சொன்னார்; பேரம் பேச மனம் வரவில்லை. எங்கள் மனையைப் பொறுத்தமட்டில் விடுதலைப் பத்திரம் எழுதிக் கையொப்பமிட்டார். புறப்படும்போது, "அங்க ஒரு கேணி இருந்துச்சே, இருக்கா?" என்று கேட்டார். நாங்கள் கேணி எதையும் பார்த்ததில்லை.

ஊர் திரும்பிப் புல வரைபடத்தை எடுத்துப் பார்த்தோம். கேணி குறிக்கப்பட்டிருந்தது. மனைக்கற்களோடு ஒப்பிட்டால் அது எங்கள் பக்கத்து மனை, மூடி நிரவிவிட்டார்கள். அந்த மனைக்காரர் வெளியூர். அவர் முகவரி அப்போது கிடைக்கவில்லை. போன வாரம் அங்கே செங்கல் இறங்கியிருப்பதாகக் காவலாளி சொன்னார். கடைக்கால் தோண்டுவதற்குள் அவரைப் பார்த்துவிட வேண்டும். வரைபடத்தின் படியொன்றைப் பையில் வைத்திருக்கிறோம்.