வீடு பற்றி எரிகிறதா?

நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதை முன்பே சில பதிவுகளில் எழுதியிருக்கிறேன். எங்கள் வகுப்பில் மெஸ்யே பாடம் நடத்தும்போது குறுக்கே பேசுவது பெரிய குற்றம். அவசரம் என்றால் கையை உயர்த்தி, "பார்தோன், மெஸ்யே" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அவர் சாக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, "என்ன, வீடு பற்றி எரிகிறதா?" என்று கேட்பார். எரியவில்லை என்றால் உட்கார வேண்டியதுதான். எரிகிற வீட்டில் இன்னும் ஏதாவது காப்பாற்ற முடியும் என்றால்தான் குறுக்கிட வேண்டும் என்பது அவர் கணக்கு.

இப்போது டிவியில் அரை மணிக்கு ஒரு தரம் சிவப்புப் பட்டையில் "பிரேக்கிங் நியூஸ்" என்று வரும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது. அமைச்சர் காரில் ஏறினார். அமைச்சர் காரிலிருந்து இறங்கினார். வீடு எங்கே எரிகிறது?

இதைச் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போயிருப்பேன். ஆனால் இந்த விஷயத்தில் எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அலுவலகத்தில் கோப்புகள் எல்லாம் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டிருந்தன. எனக்கோ பிரெஞ்சும் வீட்டுத் தமிழும்தான் தெரியும். "சப்மிட்டட் ஃபார் ஆர்டர்ஸ்" என்று நோட் போடக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்து மேசைக்காரர். காரைக்காலைச் சேர்ந்தவர், என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். என் வரைவைத் திருத்தும்போது ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் செய்தி. மேசை இழுப்பறையில் சின்ன டிரான்சிஸ்டர் ஒன்று எப்போதும் இருக்கும்.

1984 அக்டோபர் 31, புதன்கிழமை. சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு அவர் என் காதருகே வந்து, "தம்பி, அம்மையாரைச் சுட்டுட்டாங்களாம். பி.பி.சி.ல சொல்றான்" என்றார். காலையிலேயே டில்லியில் சம்பவம் நடந்துவிட்டிருந்தது. ஆனால் ஆகாசவாணி சொல்லாமல் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று எங்கள் அதிகாரி உத்தரவு போட்டார். ஆகாசவாணி மாலையில்தான் இந்திரா காந்தி இறந்த செய்தியைச் சொன்னது. அதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்து, கடைகள் கதவைச் சாத்திவிட்டிருந்தன.

அப்போது எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் டிவி. டயனோரா பெட்டி. சென்னை நிலையத்தைப் பிடிக்க மொட்டை மாடியில் தென்னை உயரத்துக்குக் கம்பம் நட்டிருந்தார்கள். காற்று அடித்தால் படத்தில் பூச்சி பறக்கும். வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' பார்க்கத் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கே போய்விடுவார்கள். அந்த வெள்ளிக்கிழமையும் என் மகள் போனாள். பாட்டு இல்லை. டில்லியில் தீன்மூர்த்தி மாளிகையில் வைத்திருந்த உடலும், வரிசையாக நகரும் ஜனங்களும், சோக வாத்தியமும்தான். திரும்பி வந்து, "அப்பா, அடுத்த வாரமாவது பாட்டுப் போடுவாங்களா?" என்று கேட்டாள். அதற்கு என் மனைவி அவளைக் கடிந்துகொண்டாள். எனக்குக் கடியத் தோன்றவில்லை. நிகழ்ச்சி நின்றதால்தான் அந்தக் குழந்தைக்கு ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது என்று தெரிந்தது.

1991 மே 21, செவ்வாய்க்கிழமை இரவு. தேர்தல் சமயம், எங்களுக்கெல்லாம் தேர்தல் வேலை. அசதியில் சீக்கிரம் படுத்துவிட்டேன். விடிவதற்கு முன்பே கதவைத் தட்டும் சத்தம். கையில் டிரான்சிஸ்டருடன் அவர்தான். "ஸ்ரீபெரும்புதூர்ல ராஜீவ் காந்தி போயிட்டார் தம்பி. குண்டு. பிள்ளைகளை வெளியே விடாதே. பால், அரிசி இருக்கா பாத்துக்கோ." அதற்குள் எங்கள் வீட்டுக்கும் டிவி வந்துவிட்டிருந்தது. போட்டேன், அதிலும் அதே செய்திதான். ஆனால் டிவி எனக்குச் சொன்னது நடந்து முடிந்ததை. அவர் சொன்னது நான் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை. இந்த வித்தியாசம் அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

பிறகு கேபிள் வந்தது, 24 மணி நேரச் செய்தி வந்தது. படத்துக்குக் கீழே எழுத்து ஓட ஆரம்பித்தது. அண்ணன் ஓய்வு பெற்றுச் சொந்த ஊரான காரைக்காலுக்கே போய்விட்டார். வாரம் ஒரு முறை போனில் பேசுவோம். "இனி உங்க டிரான்சிஸ்டருக்கு வேலை இல்லையண்ணே" என்று கிண்டல் செய்வேன். அவரும் சிரிப்பார்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி இருக்கும். கட்டில் லேசாக ஆடியது. நான் புரண்டு படுத்தேன் என்று மனைவி சொன்னாள், அவள்தான் அசைத்தாள் என்று நான் சொன்னேன். எழுந்து காபி குடித்துவிட்டு டிவியைப் போட்டேன். ஏதோ பாட்டு நிகழ்ச்சி. கொஞ்ச நேரம் கழித்துக் கீழே எழுத்து ஓடியது. சென்னையில் நில அதிர்வு, மக்கள் பீதியில் வீட்டை விட்டு வெளியே ஓடினார்கள் என்று. பாட்டு நிற்கவில்லை, எழுத்து மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு ஒரே சந்தோஷம். வாழ்க்கையில் முதல் முறையாக அண்ணனுக்கு முன்னால் எனக்கு ஒரு செய்தி தெரிந்துவிட்டது! உடனே காரைக்காலுக்குப் போன் போட்டேன். "அண்ணே, இந்தத் தடவை நான் முந்திட்டேன். பூமி ஆடுச்சாம், தெரியுமா?" என்றேன். "இங்கேயும்தான் தம்பி, சுவத்துல காலண்டர் ஆடுச்சு. உங்க அண்ணி பூனைன்னு நெனச்சா" என்று அவர் சொல்ல, இருவரும் சிரித்தோம். பிறகு அவர் சொன்னார், "ஞாயித்துக்கிழமை, பேரன் மீன் கேட்டான். கடற்கரைக்குப் போய் வாங்கிட்டு, அப்படியே கொஞ்சம் நடந்துட்டு வரணும்."

நான் சொன்னேன்: "வெயில் ஏறுறதுக்குள்ள போயிட்டு வந்துடுங்கண்ணே."

இந்த ஒரு வாக்கியத்தை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம்கூட.

சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் பூமி பிளந்தது நம் நேரப்படி காலை 6.29-க்கு. அலை நம் கரைக்கு வந்தது ஒன்பது மணியை ஒட்டி. நடுவில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். ஒரு சினிமாப் படம் ஓடும் நேரம். அந்த நேரத்தில் யாராவது ஒருவர் பாட்டை நிறுத்தி, "கடற்கரையை விட்டு வாருங்கள்" என்று சொல்லியிருந்தால் போதும். சொல்ல யாருக்கும் தெரியவில்லை. அப்போது இந்துமாக்கடலுக்கு என்று எச்சரிக்கை ஏற்பாடு எதுவும் கிடையாது. பாட்டு நின்றபோது டிவியில் மெரினாவில் கார்கள் மிதந்துகொண்டிருந்தன. எங்கள் தெருவிலும் கடற்கரைப் பக்கமிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். புதுச்சேரி நகரப் பகுதியைக் கரையில் போட்டிருந்த பாறைகளும் சுவரும் காப்பாற்றின. மீனவர் குப்பங்களுக்கு அந்தச் சுவர் இல்லை. காரைக்காலுக்கும் இல்லை. எங்கள் மாநிலத்தில் இறந்தவர்களில் பெரும்பாலோர் காரைக்கால் பக்கத்தார்தான்.

காரைக்காலுக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டேன். லைன் கிடைக்கவில்லை. மாலை வரை அந்த ரிசீவரை விட்டு நான் நகரவில்லை. டிவியில் எல்லோரும் 'சுனாமி', 'சுனாமி' என்று ஒரு புதுச்சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இது என்ன சொல் என்று மனைவி கேட்டாள். அப்போதுதான், சாயங்காலம் ஆறு மணிக்கு, எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. ரா த மரே!

பிரெஞ்சில் அதற்குச் சொல் உண்டு. எனக்குப் பதினாலு வயதில் மெஸ்யே அதைப் பாடமாகவே நடத்தியிருக்கிறார். 1755-ல் லிஸ்பன் நகரத்தில் நிலநடுக்கம். இடிகிற கட்டடங்களுக்குப் பயந்து ஜனங்கள் கடற்கரைத் திறந்தவெளிக்கு ஓடினார்கள். கடல் உள்வாங்கியது, பிறகு பொங்கி வந்து அவர்களை அள்ளிக்கொண்டு போனது. வொல்தேர் அதைப் பற்றி எழுதினார். பூமி அதிர்ந்தால் கடற்கரையில் நிற்காதே என்று கரும்பலகையில் படம் போட்டுச் சொன்னார் மெஸ்யே. பரீட்சையில் நான் எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறேன். சென்னையில் அதிர்வு, காரைக்காலில் அதிர்வு, எங்கள் வீட்டுக் கட்டிலில் அதிர்வு. இத்தனையும் என் கையில் இருந்தது. ஆனால் காலை ஏழரை மணிக்கு அந்தப் பாடம் எனக்கு ஞாபகம் வரவில்லை.

மூன்றாம் நாள் அவர் மகன் போன் செய்தான். பேரன் தூங்கிக்கொண்டிருந்ததால் அன்று தாத்தா தனியாகத்தான் போயிருக்கிறார். அது ஒன்றுதான் ஆறுதல்.

காரியத்துக்குக் காரைக்கால் போயிருந்தேன். கூடத்தில் டிவிப் பெட்டியைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். அதன் மேல் அந்தப் பழைய டிரான்சிஸ்டர். அண்ணி என்னைப் பார்த்ததும், "கடைசியா உங்ககிட்டதான் சிரிச்சுப் பேசினாரு தம்பி" என்றார். அவர் அதை ஆறுதலாகத்தான் சொன்னார். நான் தலையை ஆட்டிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டேன். உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும் என்று சில சமயம் தோன்றும். சொல்லி யாருக்கு என்ன லாபம் என்றும் தோன்றும். அண்ணியும் இப்போது இல்லை. அதனால்தான் இதை எழுத முடிகிறது.

நீங்கள் என் வயதுக்காரராக இருந்தால், "உனக்கு எப்படித் தெரியும், உன் மேல் என்ன தப்பு?" என்று கேட்பீர்கள். நானும் என்னிடம் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். தெரியாமல் இருந்திருந்தால் அது சரி. மறந்துபோனதற்கு அந்தச் சமாதானம் முழுதாகப் பொருந்தவில்லை.

இன்னொரு நாளையும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். 2012 ஏப்ரல் 11, புதன்கிழமை. பிற்பகல் இரண்டு மணிக்கு மேல். மனைவி சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். கதாநாயகி அழத் தொடங்கும் கட்டம். சட்டென்று படம் மறைந்து செய்தி வந்தது. சுமத்ரா பக்கம் மறுபடியும் நிலநடுக்கம், 8.6 அளவு. சுனாமி எச்சரிக்கை, கடற்கரைப் பக்கம் யாரும் போக வேண்டாம், இருப்பவர்கள் உடனே வெளியேற வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 2007 அக்டோபரிலேயே ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கிவிட்டிருந்தார்கள்.

எனக்குக் கை நடுங்கியது. காரைக்காலுக்குப் போன் போட்டேன். எடுத்தது அந்தப் பேரன். அப்போது அவன் பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தான். "தம்பி, கடற்கரைப் பக்கம் போகாதே. யாரையும் போகவிடாதே" என்று கத்தினேன். அவன் நிதானமாகச் சொன்னான்: "டிவில சொல்லிட்டாங்க தாத்தா. எல்லாரும் மாடியிலதான் இருக்கோம். பக்கத்து வீட்டுக்காரங்களையும் கூட்டிட்டு வந்துட்டேன். நீங்க பத்திரமா இருங்க."

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மனைவி என்ன என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை.

மாலையில் எச்சரிக்கையை விலக்கிக்கொண்டார்கள். பெரிய அலை எதுவும் வரவில்லை. மறுநாள் டீக்கடையில் ஒருவர், "ஒண்ணுமே நடக்கல, சும்மா ஊரையே பயமுறுத்திட்டானுங்க. ஒரு நாள் பொழப்பு போச்சு" என்று அலுத்துக்கொண்டார். நான் சண்டைக்குப் போகிற ஆள் இல்லை. ஆனால் அன்று அவரிடம், "ஐயா, ஒண்ணுமே நடக்காத இந்தச் செய்திக்காக நான் ஏழரை வருஷமா காத்திருந்தேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போதும் சிவப்புப் பட்டை ஓடும்போது நிமிர்ந்து பார்ப்பேன். வீடு எரிகிறதா என்று கேட்டுக்கொள்வேன். பெரும்பாலும் எரிவதில்லை, சத்தத்தைக் குறைத்துவிடுவேன். ஆனால் எங்கே பூமி ஆடியது என்று வந்தாலும், அது எத்தனை தூரமாக இருந்தாலும், காரைக்காலுக்கு ஒரு போன் போட்டுவிடுவேன். அந்தப் பையனுக்கு இப்போது கல்யாணமாகி ஒரு குழந்தை இருக்கிறது. "தாத்தா, அது ஜப்பான்ல" என்பான். "இருக்கட்டும்ப்பா, சொல்லிவைக்கிறேன்" என்பேன்.