அத்தையின் போனில் நான் வைத்த புள்ளி

அன்றைக்கு எனக்கு மதிய ஷிஃப்ட். ஒரு செய்தியை அப்லோடு செய்துவிட்டு, பழக்கதோஷத்தில் போனில் மேப்பைத் திறந்தேன். ஈரோட்டில் வீட்டில் இருக்க வேண்டிய அத்தையின் புள்ளி, பவானி கூடுதுறையில் நின்றுகொண்டிருந்தது. பதறிப்போய் உடனே போன் போட்டேன்.

"என்ன அத்தை, பவானில என்ன பண்றீங்க?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பின்னணியில் பஸ் ஹாரன் மட்டும் கேட்டது.

"நான் பவானில இருக்கேன்னு உனக்கு யாரு கண்ணு சொன்னா?"

அப்போதுதான் என் தவறு எனக்கே உறைத்தது.

அத்தைக்கு 63 வயது. மாமா இறந்த பிறகு, பெங்களூருவில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகாமல் ஈரோட்டிலேயே தனியாக இருக்கப் போவதாகச் சொன்னார். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப் கொதித்துவிட்டது. "பையன் இருக்கும்போது அம்மா தனியா இருந்தா நாலு பேர் என்ன பேசுவாங்க?" என்றார் ஒரு சித்தப்பா. "இந்த வயசுல எதுக்கு இந்த வீம்பு?" என்றார் ஒரு பெரியம்மா. அத்தைக்காகப் பேசிய ஒரே ஆள் நான்தான். 'அது அவங்க வாழ்க்கை' என்று நீளமாக எழுதி, நானே எனக்கு ஒரு சபாஷும் போட்டுக்கொண்டேன்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அவருக்குப் புது போன் வாங்கிக் கொடுத்தேன். செட்டிங்ஸ் எல்லாம் சரிசெய்யும் சாக்கில், லொகேஷன் ஷேரிங்கை ஆன் செய்து என் எண்ணோடு இணைத்துவிட்டேன். அவரிடம் கேட்கவில்லை. பாதுகாப்புக்குத்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பவானியிலிருந்து அன்று அத்தை சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது. "உங்க தாத்தா என்னைப் போகக் கூடாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. நீ சொல்லாமயே பின்னாடி வர்றே. எது கண்ணு மோசம்?"

இந்தக் கேள்வி புரிய வேண்டுமென்றால் எங்கள் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெரியார் பிறந்த ஈரோட்டில், தாத்தா ராஜாஜி கட்சிக்காரர். சின்னதாக ஜவுளி வியாபாரம். சொந்தமாக நாலு விசைத்தறி போட ஆசைப்பட்டு, அனுமதி கேட்டு அலைந்து அலைந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம் என்பார். 'என் காசு, என் இடம், என் உழைப்பு. இதற்கு எவன் கையெழுத்து எதுக்கு?' என்பது அவருடைய தீராத கேள்வி. அதே கேள்வியை ராஜாஜி நாடு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். எதற்கெடுத்தாலும் அரசிடம் அனுமதி வாங்கும் நிலைக்கு 'லைசென்ஸ் பெர்மிட் ராஜ்' என்று பெயர் வைத்தவர் அவர்தான். 1959-ல், 80 வயதில், நேருவின் செல்வாக்கு உச்சத்தில் இருந்தபோது சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். தனிமனிதனின் உழைப்பிலும் தொழிலிலும் அரசு மூக்கை நுழைக்கக் கூடாது என்பதே அந்தக் கட்சியின் உயிர்நாடி. 1967 தேர்தலில் மக்களவையில் 44 இடங்களைப் பிடித்தது. அதன் சின்னமான நட்சத்திரத்தை, எங்கள் பழைய கடைச் சுவரில் சுண்ணாம்புக்கு அடியில் அப்பா எனக்குக் காட்டியிருக்கிறார்.

சுதந்திரத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசிய அதே தாத்தா, வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் வேறு ஆள். 1980-ல் அத்தை பிளஸ் டூ முடித்தார். கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர விண்ணப்பம்கூட வாங்கி வைத்திருந்தார். தாத்தா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "வேண்டாம்." அடுத்த வருடம் கல்யாணம். மாப்பிள்ளை முகத்தை அத்தை சரியாகப் பார்த்ததே முகூர்த்தத்துக்குப் பிறகுதானாம். தனக்குத் தறி போட எவன் கையெழுத்தும் தேவையில்லை என்றவர், மகள் படிக்கத் தன் கையெழுத்து வேண்டும் என்பதில் எந்த முரணையும் பார்க்கவில்லை.

தாத்தாவை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அவருடைய தலைவரிடமே இந்த முடிச்சு இருந்தது. அரசின் தலையீட்டை அவ்வளவு எதிர்த்த ராஜாஜி, முதல்வராக இருந்த 1953-ல், பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் இருக்கும்படி ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வித் திட்டம் என்று அதைத் தமிழகமே எதிர்த்தது. அடுத்த ஆண்டு அவர் பதவி விலக, காமராஜர் முதல்வராகி அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். ராஜாஜியின் மகள் லட்சுமியும் காந்தியின் மகன் தேவதாஸும் காதலித்தபோதும், இரண்டு அப்பாக்களும் ஐந்து ஆண்டுகள் பிரிந்திருக்கச் சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகும் மனம் மாறாத அந்த ஜோடிக்கு 1933-ல் திருமணம் நடந்தது. சாதி கடந்த திருமணத்தை அந்தக் காலத்தில் ஏற்றுக்கொண்டது பெரிய விஷயம்தான். ஆனால், காதலித்தவர்கள்தான் பரீட்சை எழுத வேண்டியிருந்தது.

அரசு ஒதுங்கிக்கொண்டால் மட்டும் மனிதன் சுதந்திரமாகிவிடுவதில்லை. வீடு, சாதி, ஊர், 'நாலு பேர்' என்று எத்தனையோ அதிகாரங்கள் மிச்சமிருக்கின்றன. ராஜாஜி தொடத் தயங்கிய அந்த இடத்தில்தான் அவருடைய நண்பரும் அரசியல் எதிரியுமான பெரியார் கை வைத்தார். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டிலேயே பெண்களுக்குச் சொத்துரிமையும், துணையைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். புரோகிதரும் சடங்கும் இல்லாத சுயமரியாதைத் திருமணத்தை 1967-ல் ஆட்சிக்கு வந்த அண்ணா சட்டமாக்கினார்.

ஒருவர் அரசிடமிருந்து விடுதலை கேட்டார். இன்னொருவர் சமூகத்திடமிருந்து கேட்டார். எங்கள் அத்தைக்கு இரண்டுமே வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் அதில் பாதிதான் பேசப்பட்டது.

இதையெல்லாம் நான் வேலைக்காகப் படித்தவள். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-ல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது தெரியும். வயது வந்த இருவர் திருமணம் செய்துகொள்ளக் குடும்பத்தின், சமூகத்தின் சம்மதம் தேவையில்லை என்று 2018-ல் சொன்னது தெரியும். சுயமரியாதைத் திருமணத்தை ஊரைக் கூட்டித்தான் நடத்த வேண்டும் என்பதில்லை என்று 2023-ல் தீர்ப்பு வந்தபோது, டெஸ்க்கில் அதை விளக்கி எழுதியதே நான்தான். அரசியலமைப்பின் அடிப்படை அலகு கிராமம் அல்ல, தனிமனிதன் என்பதில் மகிழ்ச்சி என்று 1948-ல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் சொன்னதை, ஒரு குடியரசு தினக் கட்டுரையில் பெருமையாகச் சேர்த்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட நான்தான் கேட்காமல் ஒரு மனுஷியின் பையில் உளவாளியை வைத்தேன். தாத்தாவுக்கு 'மானம்' என்று ஒரு காரணம் இருந்தது. எனக்குப் 'பாதுகாப்பு' என்று ஒரு காரணம் இருந்தது. இரண்டிலுமே, அத்தைக்கு எது நல்லது என்று முடிவு செய்தது அத்தை இல்லை.

அப்படியென்றால் வயதானவர்கள் மேல் அக்கறையே படக் கூடாதா என்று கேட்கலாம். நானும் அந்த ராத்திரி தூக்கம் வராமல் அதைத்தான் கேட்டுக்கொண்டேன். இங்கிலாந்துத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில், 1859-ல் வெளியிட்ட சுதந்திரம் பற்றிய நூலில் இதற்குக் கோடு போட்டிருக்கிறார். ஒருவர் செயலால் அடுத்தவருக்குக் கேடு இல்லாதவரை, அவருக்கு எடுத்துச் சொல்லலாம், வாதாடலாம், கெஞ்சலாம். ஆனால் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அவருடைய வாதத்தின் சாரம். நான் எடுத்தும் சொல்லவில்லை, கெஞ்சவும் இல்லை. கேட்டால் மறுத்துவிடுவாரோ என்றுதான் கேட்காமலே விட்டேன். அக்கறைக்கும் அதிகாரத்துக்கும் நடுவில் இருப்பது அந்த ஒரு கேள்விதான்.

தனிமனித சுதந்திரம் என்றாலே சுயநலம், உறவை அறுத்துக்கொள்வது என்று நம் வீடுகளில் ஒரு பயம் இருக்கிறது. அத்தையைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்கு சொல்லித் தருகிறார். மகனிடம் தினமும் பேசுகிறார். கட்டணமில்லாத டவுன் பஸ்ஸில் ஏறி, தோன்றிய இடத்தில் இறங்குகிறார். அன்று பவானிக்குப் போனதற்கும் பெரிய காரணம் ஒன்றும் இல்லையாம். "ஆத்துல தண்ணி எவ்வளவு போவுதுன்னு பாக்கணும்னு தோணுச்சு. நாப்பது வருஷமா 'எங்க போறே, எதுக்குப் போறே'ன்னு பதில் சொல்லியே பழகிட்டேன். இப்பத்தான் பதில் சொல்லாம பஸ் ஏறுறேன்."

அந்த வார இறுதியில் ஊருக்குப் போனேன். அவர் எதிரிலேயே போனை எடுத்து, என்ன செய்திருந்தேன் என்று காட்டினேன். "தப்பு அத்தை, கேட்டிருக்கணும்" என்றேன். அணைத்தும் விட்டேன். அத்தை திட்டவில்லை. "மறுபடி போடணும்னா எங்க அமுக்கணும், காட்டு" என்று மட்டும் கேட்டார். காட்டினேன்.

அடுத்த இரண்டு மாதம் என் மேப்பில் அத்தை இல்லை. முதல் வாரம் கை பரபரத்தது. பிறகு, எப்படி இருக்கிறார் என்று தெரிய வேண்டுமென்றால் போன் செய்து பேச வேண்டியிருந்தது. முன்பைவிட அதிகம் பேசுகிறோம்.

போன மாதம் ஒரு நாள் இரவு, போனில் ஒரு நோட்டிஃபிகேஷன். அத்தை தன் லொகேஷனை என்னோடு பகிர்ந்திருந்தார். தோழிகளோடு காசிக்கு ரயில் ஏறியிருந்தார். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்:

"ராத்திரி ரயிலு. உனக்குத் தூக்கம் வராதுன்னு நானே போட்டு வுட்டுருக்கேன். போய்ச் சேந்ததும் அணைச்சுருவேன், சரியா கண்ணு?"

சரி என்றேன்.