மூன்று குடம் நீர்

செஞ்சிப் பக்கத்து வல்லத்தில், எம் வீட்டுக் கூடத்திலே ஒரு சிறு கடல் இருக்கிறது. என் மகன் அமைத்த கண்ணாடித் தொட்டி அது. பவளத்தைக் கடலிலிருந்து எடுப்பதை 2001 முதல் சட்டம் தடுத்திருப்பதால், உள்ளே செயற்கைப் பாறை. அதனிடையே பண்ணையில் பொரித்த இரு கோமாளி மீன்கள்.

தொட்டியில் வற்றிக் குறையும் நீரை நான் குழாய் நீரால் நிரப்பி வந்தேன். பளிங்குபோல் தெளிந்த நீர்தானே என்றெண்ணினேன். ஆவியாவது நீர் மட்டுமே. அது கொணர்ந்த சுண்ணாம்பும், வயல் உரத்தின் நைட்ரேட்டும் தொட்டியிலேயே தங்கிவிடும் என்பதை அறியேன். நாள்தோறும் ஒரு குவளை. நாள்தோறும் சிறிது மாசு. இரண்டே மாதத்தில் பாறையெங்கும் பாசி படர்ந்தது. மீன்களுள் ஒன்று இரையெடாமல் மடிந்தது.

மகன் ஆர்.ஓ. வடிகட்டி பொருத்தினான். அந்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் கடலுப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆயத்தம். வற்றியதை ஈடுசெய்ய உப்பில்லா நீரே போதும். ஆனால் ஒரு குடம் தூயநீர் தர, அக்கருவி மூன்று குடத்தைக் கழித்துத் தள்ளியது.

தெருக்குழாயில் காத்திருந்து திரும்பிய பக்கத்து வீட்டு அம்மாள், சாக்கடையில் ஓடிய அந்நீரைக் கண்டு நின்றார். “மீனுக்காகவா ஐயா இவ்வளவும்?” அக்குரலில் கோபமில்லை, அதுவே என்னைச் சுட்டது.

இன்று அந்நீரைத் தொட்டியொன்றில் பிடித்து, பாத்திரம் துலக்கவும் தரை கழுவவும் கொள்கிறோம். எஞ்சிய மீன் நலமாயிருக்கிறது. தூய்மைக்காக நாம் ஒதுக்கித் தள்ளுவதற்கும் கணக்குண்டு என்பதை, இடுப்பில் குடத்தோடு நின்ற அந்த அம்மாள் ஒரே கேள்வியில் கற்பித்துவிட்டார்.