மூடுபனியும் வெயிலும்

ஐஸ்லாந்துக்காரர்கள் பண நோட்டில் ஒரு ஓவியரைப் போட்டிருக்கிறார்கள், தெரியுமோ? 1995இல் வெளிவந்த 2000 குரோனா நோட்டில் இருப்பது அரசரும் இல்லை, பிரதமரும் இல்லை. யோகன்னஸ் கியார்வல் (1885–1972) என்ற நிலக்காட்சி ஓவியர். எரிமலைக் குழம்பு உறைந்து பாறையாகி, அதன்மேல் பாசி படர்ந்து கிடக்கிற வெறும் நிலத்தைச் சலிக்காமல் வரைந்தவர். பி.காம் பசங்களுக்கு ஓவியத்தை அறிமுகப்படுத்த இதைவிட நல்ல வழி கிடையாது :-)

அந்த ஊரில் நிலக்காட்சிக்கு ஏன் இத்தனை மவுசு? கணக்குப் போட்டால் பாதி புரிந்துவிடும். ஐஸ்லாந்தின் பரப்பு சுமார் 1,03,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாடு 1,30,000. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பின்படி 7.21 கோடிப் பேர்; அங்கே 4 லட்சத்தை ஒட்டித்தான். (தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நந்தனத்திலிருந்து பாண்டி பஜார் வரை நடந்தால் அந்த நாட்டு ஜனத்தொகையையே பார்த்துவிட்ட மாதிரி இருக்கும்.) ஆளில்லாத நிலம், மேலே நிமிஷத்துக்கு நிமிஷம் மாறுகிற வானம். வரைகிறவன் வேறு எதைத்தான் வரைவான்?

பிற்காலத்தவர்களில் கெயோர்க் குவுத்னி (1961–2011) என்று ஒருவர். முதலில் மலைகளை வரைந்தார். பிறகு மலை மறைந்து பள்ளத்தாக்கு வந்தது. அப்புறம் அதுவும் கரைந்து, சாம்பல் நிறத்தில் ஒரு தொடுவானம் மட்டும் மிஞ்சியது. எண்ணெய் வண்ணத்தை மெல்லிசாக, அடுக்கு அடுக்காகப் பூசுவார். உற்றுப் பார்த்தால் மூடுபனிக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கும். இணையத்தில் இந்தப் படங்களைப் பார்த்துச் சொக்கிப்போகிற சென்னைக்காரர்கள் உண்டு. சொக்கிய கையோடு அவர்கள் சொல்வது ஒன்றுதான்: "அங்கே மூடுபனி இருக்கு, வரையறான். இங்கே என்ன இருக்கு? வெயிலும் வேர்வையும்தான்!"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நந்தனம் சிக்னல் மங்கலாகத் தெரிகிற நாள் என்று பார்த்தால் போகியை விட்டால் வேறில்லை, அதுவும் புகை. ஆனாலும் இந்தப் பேச்சில் ஒரு கோளாறு இருக்கிறது. 'சூழல்', 'உணர்வு' எல்லாம் குளிர்நாட்டுச் சரக்கு என்று ஆகிவிடுகிறது. கே.எம். ஆதிமூலத்தின் வண்ண ஓவியங்களைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

ஆதிமூலத்தைத் தெரியாது என்பவர்களுக்கும் அவரைத் தெரியும். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் கண்காட்சியில் பழைய இலக்கியப் புத்தகங்களின் அட்டையைப் புரட்டியிருந்தால் அவர் எழுத்துருவைப் பார்த்திருப்பீர்கள். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் வந்தபோது படம் போட்டவரும் அவரே. துறையூர் பக்கம் கீரம்பூரில் 1938இல் பிறந்து, சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து 1966இல் வெளியே வந்தவர். 1969இல் காந்தி நூற்றாண்டின்போது காந்தியைக் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியங்களாக வரைந்து குவித்தார். பெயரும் வந்தது. பிறகு கிரீடமும் மீசையுமாகச் சிதிலமடைந்த மகாராஜாக்கள். கோடு என்றால் ஆதிமூலம் என்று ஆகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் மனிதர் பெரிய கேன்வாஸ்களில் வண்ணத்துக்குப் போனார். வணிகவியல் பாஷையில் சொன்னால், நன்மதிப்பு முழுசும் சேர்ந்துவிட்ட ஓடுகிற கடையை விட்டுவிட்டு, எதிர்ச்சாரியில் புதுசாக ஒரு கடை! கோட்டை விடவில்லை, கடைசிவரை வரைந்தார். ஆனால் வண்ண ஓவியத்தில் கோடே கிடையாது. காந்தி இல்லை, ராஜா இல்லை, மரம், மாடு, குடிசை எதுவும் இல்லை. காவி, மஞ்சள், நீலம், நடுவில் திடீரென்று ஒரு வெள்ளை. காந்தியை ரசித்தவர் இதன்முன் வந்து நின்று "இதில் என்ன இருக்கிறது?" என்று கேட்டால் தப்பே இல்லை.

இதற்குப் பதில் ஐஸ்லாந்தில் இல்லை, பிளஸ் டூ தமிழ்ப் புத்தகத்தில் இருக்கிறது. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள். நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கே இருக்கிற மரம், பறவை, தொழில், பறை எல்லாம் கருப்பொருள். மனசுக்குள் நடப்பது உரிப்பொருள். மார்க்குக்காக மனப்பாடம் செய்து மறந்துபோன அட்டவணைதான். ஆதிமூலம் அதில் நடுப்பத்தியை அப்படியே அழித்துவிட்டார். நிலமும் பொழுதும் மட்டும் மிச்சம். ஆனாலும் உரிப்பொருள் வந்துவிடுகிறது. அதுதான் ஆச்சரியம். காவிக்கும் மஞ்சளுக்கும் இடையில் அந்த வெள்ளை வெடிக்கிற இடத்தில், வேனிற்கால நண்பகலில் தெருவில் ஒரு ஆள்கூட இல்லாதபோது வருகிற அந்த ஏதோ ஒன்று... பாலைக்கு நண்பகலைப் பொழுதாகவும் பிரிவை உரியதாகவும் வைத்தவர்களுக்கு வெயிலுக்கும் ஒரு மனசு உண்டென்று தெரிந்திருக்கிறது. மூடுபனி ஒன்றும் கட்டாயமில்லை.

குவுத்னியும் நடுப்பத்தியை அழித்தவர்தான். வழிதான் நேர்மாறு. அவர் மெல்லிசாகப் பூசிப் பூசிப் பொருட்களை மறைக்கிறார். ஆதிமூலம் தூரிகையை வைத்துவிட்டுக் கத்தியால் வண்ணத்தைத் தடிமனாக அப்புகிறார், கொத்தனார் சாந்து பூசுகிற மாதிரி. ஒருவருடையதில் பார்வை உள்ளே போகிறது. மற்றவருடையதில் வெளிச்சம் வெளியே வந்து முகத்தில் அடிக்கிறது. பனிக்கும் வெயிலுக்கும் உள்ள வித்தியாசமும் அதுதானே?

ஆதிமூலம் வரைந்தது எல்லாமே உசத்தி என்று தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. சில படங்களில் வண்ணம் அழகாக இருக்கிறது, அழகோடு நின்றுவிடுகிறது. பெரிய ஓட்டல் வரவேற்பறைக்குப் பொருத்தமாக இருக்கும். அசலான படங்கள் அப்படி அல்ல, கொஞ்சம் உறுத்தும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. குவுத்னியின் படம் கணினித் திரையில்கூட ஓரளவு பிழைத்துக்கொள்ளும். ஆதிமூலம் பிழைக்க மாட்டார். கத்தி இழுத்த மேடுகளில் விளக்கு வெளிச்சம் பட்டு விழுகிற குட்டி நிழல்கள் புகைப்படத்தில் செத்துப்போகும். அவர் 2008 ஜனவரியில், பொங்கல் சமயத்தில் காலமானார். அவர் படங்கள் சென்னையில் எங்காவது காட்சிக்கு வந்தால் நேரில் போய்ப் பாருங்கள். முதலில் பத்தடி தள்ளி நின்றால் நிலம் தெரியும். கிட்டே போனால் நிலம் போய்விடும், பெயிண்ட்தான் இருக்கும். காவலாளி முறைக்கிறவரை இப்படி முன்னும் பின்னும் நடக்கலாம். காசு கேட்க மாட்டார்கள்.