யாருக்குப் 'பிங்', யாருக்குக் 'கால்'

ஆங்கிலத்தில் தகவல் எழுதிவிட்டு, இலக்கணம் சரியா என்று பார்க்கச் சொல்லிப் பிள்ளைகள் என்னிடம் நீட்டுவார்கள். நான் முதலில் பார்ப்பது வினைச்சொல்லைத்தான். "இன்ஃபார்ம் மீ" என்று மேலாளருக்கு எழுதினால் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் அவர் காதில் அது அதட்டலாக விழும். "பிளீஸ் லெட் மீ நோ" என்றால் அவர் வசதிக்கு விட்டதாக ஆகிறது.

"கைண்ட்லி டூ த நீட்ஃபுல்" வெள்ளைக்காரர் காலத்து ஆபீஸ் வாசகம். அவர்கள் ஊரில் வழக்கொழிந்து, நம் கோப்புகளில் மட்டும் குடியிருக்கிறது. எனக்கு அதன்மேல் பாசம்கூட உண்டு. ஆனால் லண்டனிலிருந்து அதைப் படிப்பவர் என்ன செய்ய வேண்டும்? கையெழுத்துப் போடவா, பணம் அனுப்பவா? "குட் யூ சைன் திஸ் பை ஃப்ரைடே" என்று கேட்டுவிட்டால் குழப்பமே இல்லை. 'ரிவர்ட்' என்பதும் அப்படித்தான். இங்கேயும் சிங்கப்பூரிலும் பதில் எழுதுவது என்றே அதற்குப் பொருள். வேறு இடங்களில் பழைய நிலைக்குத் திரும்புவது. 'ரிப்ளை' என்ற சொல் என்ன பாவம் செய்தது?

"டிராப் மீ எ லைன்" என்றால் ஒழிந்தபோது நாலு வரி எழுது என்று பொருள். நாளைக்கே பதில் வேண்டுமென்றால் அது உதவாது. "கால் மீ டுநைட்" என்றே சொல்லுங்கள்.

இந்தச் சொற்களெல்லாம் கருவிகளோடு வருகின்றன, போகின்றன. தந்தி இருந்தவரை "வயர் மீ" இருந்தது. 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்தியே நின்றுபோனது. 1992 டிசம்பர் 3 அன்று நீல் பாப்வொர்த் கணினியிலிருந்து ஒரு கைப்பேசிக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பினார். அதுதான் முதல் குறுஞ்செய்தி. இன்று "டெக்ஸ்ட் மீ" எல்லோர் வாயிலும் இயல்பாக வருகிறது. 'பிங்' 1983இல் மைக் மூஸ் எழுதிய சின்ன நிரலின் பெயர். இன்னொரு கணினி பதில் சொல்கிறதா என்று தட்டிப் பார்ப்பது அதன் வேலை. சோனார் ஓசையிலிருந்து வைத்த பெயர் அது. இன்று ஆளுக்குச் சின்னத் தகவல் அனுப்புவதும் 'பிங்'தான். பக்கத்து இருக்கைத் தோழனிடம் "ஐ வில் பிங் யூ" என்று தாராளமாகச் சொல்லலாம். நீங்கள் வேலை கேட்டு எழுதும் பெரியவரிடம் வேண்டாம். "மே ஐ கால் யூ" என்று அனுமதி கேளுங்கள்.

துக்கச் செய்திக்கு 'ஆர்.ஐ.பி.' என்று மூன்றெழுத்தைத் தட்டிவிட்டு நகர்வது எனக்குப் பிடிப்பதில்லை. "ஐ ஆம் ஸோ சாரி" என்று தொடங்கி, இறந்தவரைப் பற்றி உங்களுக்கு நினைவிருக்கும் ஒன்றை எழுதுங்கள். கடைசியில் "நோ நீட் டு ரிப்ளை" என்று சேர்த்துவிடுங்கள். அந்த வீட்டில் அன்று பதில் எழுத யாருக்கும் கை ஒழியாது.